தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குப் புது நிலையம்: பணம் எங்கிருந்து வரும்?

கேள்வி: பென்சில்வேனியாவில் எங்கள் டவுன்ஷிப்பின் தன்னார்வத் தீயணைப்புக் குழு புது நிலையம் கட்டப்போகிறது. 45 லட்சம் டாலர் ஆகும் என்கிறார்கள். கணக்கு வழக்கு தெரிந்தவன் என்று என்னை நிதிக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். சிக்கன் பார்பெக்யூ, பிங்கோ என்று நடத்தி இவ்வளவு பணம் திரட்ட முடியுமா? தீயணைப்பு அரசாங்கத்தின் வேலைதானே, ஏன் மக்களிடம் கையேந்த வேண்டும்? எங்கே தொடங்குவது?

பதில்:

பார்பெக்யூவும் பிங்கோவும் நடத்தி 45 லட்சம் டாலர் திரட்ட முடியாது. அவற்றை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, அவற்றால் வேறு ஒரு பெரிய பயன் உண்டு. ஆனால் கட்டடத்துக்கான பணம் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்துதான் வரும். ஊரில் வசதியுள்ள ஐம்பது அறுபது பேர் தரும் பெரிய தொகைகள் ஒன்று. குறைந்த வட்டிக் கடன் இன்னொன்று. அந்தக் கடனை வருடாவருடம் அடைக்க உங்கள் உள்ளாட்சியான டவுன்ஷிப் எழுத்தில் தரும் உறுதி மூன்றாவது. மாநில கிராண்ட், அதாவது திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை, கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பி அஸ்திவாரம் தோண்டக் கூடாது.

முதலில் அரசாங்கத்தின் வேலைதானே என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் நன்கொடை கேட்கப் போகும் வீடுகளில் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள். நம்மூரில் தீயணைப்புத் துறை மாநில அரசுடையது. அமெரிக்காவில் அது அப்படி வளரவில்லை. 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நண்பர்களும் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கியபோது, தோல் வாளிகளோடும் துணிப் பைகளோடும் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் ஓடுவது என்பதுதான் ஒப்பந்தம். அந்த வழக்கம் இன்னும் முழுதாக மாறவில்லை. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டில் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் தீயணைப்பு வீரர்களில் 65 சதவீதம் பேர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பென்சில்வேனியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் தன்னார்வக் குழுக்கள்தான். உங்கள் குழுவும் அநேகமாகத் தனியான லாபநோக்கமற்ற அமைப்பாகத்தான் இருக்கும். கட்டடமும் வண்டிகளும் அதன் பெயரில் இருக்கும், டவுன்ஷிப்பின் பெயரில் அல்ல.

அதற்காக டவுன்ஷிப்புக்குப் பொறுப்பே இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 2008இல் பென்சில்வேனியா சட்டங்களைத் திருத்தி, தன் எல்லைக்குள் தீயணைப்புச் சேவை கிடைப்பதை உறுதி செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு, அதற்குத் தகுந்த நிதி உதவியும் நிர்வாக உதவியும் அதில் சேரும் என்று எழுதிவிட்டார்கள். எந்த வழியில், எந்த அளவுக்கு என்பதை உள்ளாட்சியே முடிவு செய்யலாம் என்ற சலுகையும் அதிலேயே இருக்கிறது. ஆகவே டவுன்ஷிப்பை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்களிடம் பேசப் போகும்போது தயவு கேட்கிற தோரணை வேண்டாம். இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு கடமையைப் பங்கிட்டுக்கொள்ளப் போகிறீர்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். ஒரு பார்பெக்யூவில் ஆயிரம் சாப்பாடு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 15 டாலர், செலவு போகப் பாதி மிச்சம். கையில் 7,500 டாலர். இப்போது 20 லட்சம் டாலர் கடனை 4 சதவீத வட்டியில் 40 வருடத்துக்கு வாங்கினால், ஆண்டுத் தவணை ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். அந்தத் தவணைக்கு மட்டும் வருடத்துக்கு 14 பார்பெக்யூ நடத்த வேண்டும், அதுவும் 40 வருடம். இதையே வரியாகப் பாருங்கள். பென்சில்வேனியாவில் டவுன்ஷிப்புகள் சொத்துவரியோடு தீயணைப்புக்கென்று தனி வரி போடலாம், அதிலிருந்து நிலையம் கட்டவும் செலவிடலாம். ஒரு மில் என்றால் வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். 4,000 வீடுகள், சராசரி வரி மதிப்பு 2 லட்சம் டாலர் என்றால், ஒரு மில்லில் எட்டில் ஒரு பங்கு போதும். வீட்டுக்கு வருடம் 25 டாலர், மொத்தம் ஒரு லட்சம். உங்கள் ஊரின் உண்மையான எண்களைப் போட்டு இந்த ஒரு பக்கக் கணக்கைத் தயாரியுங்கள். நிதிக் குழுவில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான்.

இந்தக் கணக்கை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் 1970களில் மூன்று லட்சம் அளவுக்கு இருந்த தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள், 2018இல் சட்டமன்றம் அமைத்த ஆணையம் அறிக்கை தந்தபோது சுமார் 38,000 பேராகக் குறைந்திருந்தார்கள். வேலை, குடும்பம், பயிற்சி எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் இவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தீக்குள் போகிறார்கள். அவர்களையே சனிக்கிழமை முழுக்கக் கோழி சுட வைத்து, ஞாயிற்றுக்கிழமை பிங்கோ சீட்டு விற்க வைத்தால், அடுத்த வருடம் வண்டி ஓட்ட ஆள் இருக்காது. பணம் திரட்டும் வேலையைத் தீயணைக்காத ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களைக் குழுவில் சேர்த்தது சரியான முடிவு.

மத்திய அரசுப் பணத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தீயணைப்புக் குழுக்களுக்கு மத்தியப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா வருடந்தோறும் தரும் ஏஎஃப்ஜி என்ற கிராண்ட் உடை, மூச்சுக்கருவி, வண்டி, பயிற்சி போன்றவற்றுக்கு. இருக்கிற கட்டடத்தில் புகை வெளியேற்றும் அமைப்பு, ஸ்பிரிங்க்ளர் போன்ற மாற்றங்களுக்கும் கிடைக்கும். புதுக் கட்டடம் கட்ட அதில் இடமில்லை. 2009 பொருளாதார மீட்புச் சட்டத்தின் கீழ் ஒரு முறை மட்டும் நிலையம் கட்ட 21 கோடி டாலர் ஒதுக்கினார்கள், ஆயிரக்கணக்கான குழுக்கள் மனுப் போட்டன, பெரும்பாலானவற்றுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

உண்மையில் உதவக்கூடியது வேளாண் துறை. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் யுஎஸ்டிஏவின் கிராம வளர்ச்சிப் பிரிவு 20,000 பேருக்கு மேல் போகாத ஊர்களில் பொதுக் கட்டடங்களுக்கு நேரடியாகக் கடன் தருகிறது. 40 வருடம் வரை தவணை, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. மிகச் சிறிய, வருமானம் குறைந்த ஊராக இருந்தால் செலவில் ஒரு பகுதி கிராண்டாகவும் கிடைக்கலாம். உங்கள் டவுன்ஷிப் ஓரளவு வசதியானது என்றால் கிராண்டை மறந்துவிட்டுக் கடனுக்கு மட்டும் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். அதோடு, உள்ளாட்சியோடு எழுத்து ஒப்பந்தம் உள்ள தன்னார்வக் குழு நிலையம் கட்டவோ வண்டி வாங்கவோ வாங்கும் கடனுக்கு, வங்கிக்குக் கிடைக்கும் வட்டியில் மத்திய வருமான வரி இல்லாதபடி செய்ய வரிச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. வங்கிக்கு வரி இல்லை என்பதால் உங்களுக்கு வட்டி குறையும். இதற்குப் பொது விசாரணைக் கூட்டம் நடத்துவது போன்ற சடங்குகள் உண்டு, இந்த வகைக் கடன் தெரிந்த வக்கீல் ஒருவரை ஆரம்பத்திலேயே பிடித்துவிடுங்கள்.

மாநில அளவில் முதலில் போக வேண்டிய கதவு ஸ்டேட் ஃபயர் கமிஷனர் அலுவலகம். 1975இல் மக்களே வாக்களித்து ஏற்படுத்திய கடன் திட்டம் அங்கே இருக்கிறது, வட்டி 2 சதவீதம். முழுச் செலவுக்கும் போதாது என்றாலும் இதைவிட மலிவான கடன் கிடையாது. ஆர்ஏசிபி என்ற மூலதனத் திட்டம் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு உண்டு. அதில் பாதிப் பணத்தை மாநிலம் அல்லாத வேறு வழியில் நீங்கள் காட்ட வேண்டும், மாநிலம் தருவதும் செலவு செய்த பிறகுதான் திரும்பி வரும். அதுவரை தாக்குப்பிடிக்க இடைக்காலக் கடன் வேண்டும், அந்த வட்டியையும் செலவுக் கணக்கில் எழுதி வையுங்கள். கேசினோ வருமானத்தில் உள்ளூருக்குப் போகும் பங்கிலிருந்தும் நிலையங்களுக்குப் பணம் போயிருக்கிறது. இந்த இரண்டுக்கும் உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் செனட்டரும் துணை நிற்பது அவசியம். அவர்களை அழைத்துப் பழைய நிலையத்தைக் காட்டுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குழுவோடு சேர்ந்த, வீரர்களின் நலனுக்கான ரிலீஃப் அசோசியேஷன் கணக்கில் ஒரு நல்ல தொகை இருக்கும். வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்களின் தீக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 2 சதவீத வரியாக வரும் பணம் அது. வீரர்களின் பாதுகாப்பு, காப்பீடு, கருவிகள், பயிற்சி இவற்றுக்கு மட்டும்தான் அதைச் செலவிடலாம். அதைக் கட்டடத்துக்குத் திருப்பலாமே என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். மாநில ஆடிட்டர் ஜெனரல் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்கிறார், தொடாதீர்கள்.

இப்போது நன்கொடைக்கு வருவோம். 45 லட்சத்தில் 20 லட்சம் கடன், 10 லட்சம் மாநில உதவி (அது உறுதியாகக் கிடைத்தால்), பழைய கட்டட விற்பனையும் கையிருப்பும் 3 லட்சம் என்று போட்டால், மீதி 12 லட்சம் நன்கொடையாக வர வேண்டும். இதை ஆயிரம் வீட்டில் ஆயிரத்திருநூறு என்று பிரித்து எழுதினால் தோற்றுவிடுவீர்கள், எந்த ஊரிலும் அப்படி வராது. ஒருவர் 2 லட்சம், இருவர் ஆளுக்கு ஒரு லட்சம், நால்வர் 50,000, பத்துப் பேர் 20,000, நாற்பது பேர் 5,000 என்று எழுதிப் பாருங்கள். 57 பேரிடமிருந்து 10 லட்சம் வந்துவிடுகிறது. மீதி 2 லட்சத்துக்குத்தான் எல்லா வீட்டுக்கும் போகும் கடிதம், பெயர் பொறித்த செங்கல், விருந்து எல்லாம். அந்த 57 பேர் யார் என்று பெயர் பெயராக எழுதுவதுதான் நிதிக் குழுவின் முதல் மாத வேலை: ஊரில் குவாரி வைத்திருப்பவர், பெரிய பண்ணைக்காரர், கிடங்கு நடத்தும் நிறுவனம், வங்கிக் கிளை, முன்பு இந்தக் குழு வந்து வீட்டைக் காப்பாற்றிய குடும்பங்கள். பெரிய தொகையை ஒரே நேரத்தில் கேட்காதீர்கள், மூன்று முதல் ஐந்து வருடத்தில் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 20,000 டாலர் என்றால் தயங்குகிறவர் வருடம் 4,000 என்றால் யோசிப்பார்.

யாரை முதலில் கேட்பது என்பதற்கும் ஃபிராங்க்ளினிடமே பதில் இருக்கிறது. ஒரு பாதிரியார் புது வழிபாட்டுக் கூடம் கட்டப் பணம் திரட்ட உதவி கேட்டு வந்தபோது அவர் சொன்ன யோசனையைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். நிச்சயம் கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்களிடம் முதலில் போங்கள். பிறகு கொடுப்பார்களா மாட்டார்களா என்று தெரியாதவர்களிடம், ஏற்கெனவே கொடுத்தவர்களின் பட்டியலோடு போங்கள். கடைசியாக, கொடுக்கவே மாட்டார்கள் என்று நினைப்பவர்களையும் விடாதீர்கள், அவர்களில் சிலரைப் பற்றி நீங்கள் தவறாக நினைத்திருக்கலாம். அந்தப் பாதிரியார் அப்படியே செய்து, எதிர்பார்த்ததைவிட அதிகம் திரட்டினார். இன்றைக்கும் நிதி திரட்டுவதில் தேர்ந்தவர்கள் செய்வது இதேதான். இலக்கில் பாதிக்கு மேல் அமைதியாகத் திரட்டிய பிறகுதான் ஊருக்கு அறிவிப்பார்கள். அதற்கு முன் நெடுஞ்சாலை ஓரம் பெரிய பலகையில், இதுவரை திரண்ட தொகையைக் காட்டும் வெப்பமானி வரைந்து வைத்து, அது ஆறு மாதம் அடியிலேயே நின்றால், ஊரே நம்பிக்கை இழந்துவிடும்.

தீயணைப்பு வீரர்களின் குழுவே முதலில் கொடுத்திருக்க வேண்டும், தொகை எவ்வளவு சிறிதானாலும். குழுவின் நிர்வாகிகளும் நிதிக் குழுவினரும் நூற்றுக்கு நூறு பேர் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல முடிந்தால் பெரிய கதவுகள் திறக்கும்.

பெரிய நன்கொடையாளர் கேட்கப்போகும் கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். பழைய கட்டடத்துக்கு என்ன குறை? இதற்குப் புது வண்டி உள்ளே நுழையவில்லை என்பதைவிட வலுவான பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையையும் 2022இல் தீயணைப்புத் தொழிலையே கூடவும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக வகைப்படுத்தியது. பழைய நிலையங்களில் வண்டி நிற்கும் கூடத்திலேயே சுவரோரமாக உடைகள் தொங்கும்; வண்டியைக் கிளப்பினால் புகை உடையில் படியும். புது நிலையம் என்றால் உடைக்குத் தனி அறை, தீயிலிருந்து திரும்பியதும் கழுவிக்கொள்ள இடம், புகையை இழுத்து வெளியேற்றும் குழாய். இதை நேரில் காட்டினால் யாரும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள். கட்டடச் சட்டமும் தீயணைப்பு நிலையத்தை மருத்துவமனை போல அத்தியாவசியக் கட்டடமாக வைத்து, புயலிலும் நிலநடுக்கத்திலும் நிற்கும்படி கூடுதல் வலிமையைக் கேட்கிறது. சதுர அடிச் செலவு வீட்டைவிட அதிகமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த கேள்வி: ஏன் இந்த இடம்? ஊரின் தீப்பாதுகாப்பை அளக்க காப்பீட்டு நிறுவனங்கள் பார்க்கும் ஐஎஸ்ஓ மதிப்பீட்டில் நிலையத்திலிருந்து சாலை வழியே 5 மைலுக்கு அப்பால் இருக்கும் வீடு பொதுவாகப் பாதுகாப்பே இல்லாத 10ஆம் வகுப்பில் விழும், பிரீமியம் ஏறும். புது இடம் எத்தனை வீடுகளை இந்த எல்லைக்குள் கொண்டுவருகிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள். மூன்றாவது கேள்வி கசப்பானது: பக்கத்து ஊர்க் குழுவோடு சேர்ந்து ஒரே நிலையமாகக் கட்டினால் என்ன? நூறு வருடப் பெருமை, வண்டியின் நிறம், தலைவர் யார் என்பதில் எல்லாம் இது மாட்டிக்கொள்ளும். ஆனால் இந்த விவாதத்தை வரைபடம் போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சேர முடியாது என்றால் அதற்கான காரணத்தை எழுத்தில் வைத்திருங்கள். பாதிப் பணம் வந்த பிறகு இந்தக் கேள்வி கிளம்பினால் எல்லாம் நின்றுபோகும்.

விருந்தும் விழாவும் எதற்கு என்றால், ஊரை உள்ளே கொண்டுவர. இதில் வெற்றி பெற்ற இடங்களைப் பாருங்கள், அந்த மண்ணோடு ஒட்டிய ஒன்றைத்தான் பிடித்திருப்பார்கள். வர்ஜீனியா கடற்கரையோரம் சின்கோடீக் தீவில், பெரும் தீவிபத்துகளுக்குப் பிறகு உருவான தன்னார்வக் குழு 1925 முதல் ஜூலைக் கடைசியில் ஒரு விழா நடத்துகிறது. பக்கத்து அசடீக் தீவில் திரியும் மட்டக் குதிரைகளைக் குதிரையேறிய தன்னார்வலர்கள் ஓட்டிவந்து, கால்வாயை நீந்திக் கடக்க வைத்து, மறுநாள் குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். பணம் தீயணைப்புக்கும் குதிரைகளின் பராமரிப்புக்கும் போகிறது. மந்தை பெருகாமலும் இருக்கிறது. ஏலம் எடுத்தவர் பெயர் வைத்துவிட்டுக் குட்டியைத் தீவுக்கே திருப்பி அனுப்பும் ஏலமும் உண்டு, அதற்குத்தான் விலை எகிறும். உங்கள் மாநிலத்திலேயே லான்காஸ்டர் மாவட்டத்தில், பனி உருகி நிலம் சேறாகக் கிடக்கும் மார்ச் மாதத்தில், கார்டன்வில் போன்ற ஊர்க் குழுக்கள் பெரிய ஏலம் நடத்துகின்றன. நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள், குதிரை வண்டிகள், பழைய உழவுக் கருவிகள் எல்லாம் ஏலத்துக்கு வரும். கார் ஓட்டாத ஆமிஷ் இளைஞர்கள் அந்தக் குழுக்களில் தீயணைப்பு வீரர்களாகவும் இருக்கிறார்கள். அதனால்தான் ஊர் முழுவதும் அதைத் தன் காரியமாக நினைக்கிறது.

உங்கள் டவுன்ஷிப்பில் இந்தியக் குடும்பங்கள் நிறைய என்றால், கோழி விருந்துக்கு வராத ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு அங்கே உருளைக்கிழங்கு வறுவல் தவிர ஒன்றும் கிடையாது. காலையில் இட்லி தோசை விருந்து ஒன்று போடச் சொல்லுங்கள், குழந்தைகளைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோர்கள் தாமாக வருவார்கள். நம்மவர்களில் பலருக்கு இந்த வீரர்கள் சம்பளம் வாங்குவதில்லை என்பதே தெரியாது, தெரிந்தால் கொடுப்பார்கள். இன்னொன்று, நம்மவர்கள் வேலை பார்க்கும் பெரிய நிறுவனங்களில் பலவும் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமான தொகையைத் தாங்களும் சேர்த்துத் தருகின்றன. பொதுவாக வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் அறக்கொடை அமைப்பாகப் பதிவாகியிருந்தால்தான் தருவார்கள். பல தீயணைப்புக் குழுக்கள் 501(சி)(4) என்ற சமூக நல அமைப்புப் பிரிவில் பதிவாகியிருக்கும். அவற்றுக்குக் கொடுப்பதற்கும் வரிக்கழிவு பெற வழி உண்டு, ஆனால் நிறுவனங்களின் சமத்தொகை கிடைப்பது கடினம். முதல் கூட்டத்திலேயே எந்தப் பதிவு என்று கேளுங்கள். மாற்ற வேண்டுமென்றால் மாதக்கணக்கில் ஆகும்.

பிங்கோவுக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் பென்சில்வேனியாவில் தனித்தனிச் சட்டமும் உரிமமும் உண்டு, உரிமம் இல்லாமல் ஒரு சீட்டுக்கூட விற்கக் கூடாது. தொலைபேசியில் கூப்பிட்டு வசூல் செய்து தருகிறோம் என்று வரும் கம்பெனிகளைச் சேர்க்காதீர்கள். வசூலில் பெரும்பகுதி அவர்களுக்கே போகும், தீயணைப்பு வீரர்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவர்களும் அதே வழியில்தான் கூப்பிடுகிறார்கள் என்பதால் உங்கள் குழுவின் பெயரும் கெடும்.

கணக்கில் கண்டிப்பு வேண்டும். தன்னார்வக் குழுக்களில் ஒரே பொருளாளர் பல வருடம் தனியாகக் கணக்கு வைத்துக் கடைசியில் பணம் காணாமல் போன செய்திகள் அடிக்கடி வருகின்றன. கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு காசோலைக்கும் இரண்டு கையெழுத்து, காசோலை எழுதுபவர் அல்லாத ஒருவர் மாதக் கணக்கைச் சரிபார்ப்பது, வெளியிலிருந்து ஒரு சிபிஏ, அதாவது உரிமம் பெற்ற கணக்காளர். இவற்றை யாரையும் சந்தேகித்து வைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி முதல் நாளே வையுங்கள். நடுவில் கொண்டுவந்தால் யாரையோ சந்தேகிப்பதாக ஆகிவிடும்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் நான்கு காகிதங்கள் கேட்டு வாங்குங்கள்: குழுவின் கடந்த மூன்று வருட வரவு செலவு, வருமான வரித் துறை தந்த பதிவுக் கடிதம், டவுன்ஷிப்போடு உள்ள ஒப்பந்தம், கட்டடக் கலைஞர் தந்த செலவு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டில் எதிர்பாராத செலவுக்கென்று குறைந்தது பத்து சதவீதமாவது ஒதுக்கியிருக்கிறார்களா, எந்த மாத விலைவாசியில் போட்டது, மேசை நாற்காலியும் வானொலிக் கருவிகளும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் உங்கள் 45 லட்சம் 45 லட்சம் அல்ல, ஊருக்கு எண்ணைச் சொல்வதற்கு முன்பே அதைத் திருத்திவிடுங்கள். டவுன்ஷிப்பின் உறுதி எழுத்தில் கிடைக்கும்வரை ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.